எரியாத முகப்பு விளக்கும் மன்னாரின் உப்புக் காற்றும்

வாகனத்தின் முகப்பு விளக்கு எரியாமல் போனால் பெரும்பாலானோர் முதலில் செய்வது பல்பை மாற்றுவதே ஆகும். கடலிலிருந்து வெகுதூரத்தில் ஓடும் வாகனங்களுக்கு இது பல வேளைகளில் போதுமான பரிகாரமாக அமைந்துவிடுகிறது. ஆனால் மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் ஓடும் வாகனங்களில் புதிய பல்பும் எரியாமல் இருப்பதற்கோ, எரிந்தாலும் மங்கலாகவே எரிவதற்கோ, சில வாரங்களில் மீண்டும் அணைந்து போவதற்கோ வாய்ப்பு அதிகம். ஏனெனில் இத்தகைய இடங்களில் பழுது பல்பில் இருப்பதைவிட, பல்புக்கு மின்னைக் கொண்டுவரும் பாதையிலும் அதைப் பற்றரிக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பாதையிலும் உள்ள மூட்டுகளிலேயே குடிகொண்டிருக்கும். அம்மூட்டுகளை உப்பு எவ்வாறு கெடுக்கிறது, கெட்ட மூட்டை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பவற்றை அறிந்தவருக்கு, எரியாத விளக்கு ஊகத்தால் அன்றி அளவீட்டால் தீர்க்கப்படும் சிக்கலாகிவிடுகிறது.

மங்கலான விளக்கு முற்றாக அணைந்த விளக்கைப் போலவே ஆபத்தானது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. ஓட்டுநர் தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால் அதற்குள்ளேயே 25 மீற்றர் கழிந்துவிடும், அதன் பின்னர் காய்ந்த தார் வீதியில் வாகனம் நிற்பதற்கு ஏறக்குறைய அதேயளவு தூரம் வேண்டியிருக்கும். மதவாச்சியிலிருந்து மன்னார் நகரினூடாகத் தலைமன்னார் வரை செல்லும் ஏ14 வீதியில், இரவில் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளரின் சைக்கிளும், மன்னாரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளின் சாம்பல் நிற உடலும், அந்த ஐம்பது மீற்றருக்கு அப்பாலேயே கண்ணுக்குப் புலப்பட்டாக வேண்டும்.

உப்பு வந்து சேரும் வழி

மன்னார்த் தீவு வடமேற்குத் திசையில் இந்தியாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். அதன் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா, முனையிலே தலைமன்னார், அதற்கப்பால் இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகள் என, தீவின் எந்த ஊரும் கடலிலிருந்து சில கிலோமீற்றருக்கு மேல் விலகியிருக்கவில்லை. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் வளைகுடாவின் உப்பைத் தீவின்மீது கொண்டுவருகிறது. ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் வாடைக்காற்று மறுபுறக் கடலின் உப்பைக் கொண்டுவருகிறது. இக்காற்றின் வலுவுக்கு, 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற்று ஆற்றல் கொண்டதாக 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதி தீவின் தென்கரையில் அமைக்கப்பட்டமையே சான்று.

அலை உடையும்போது நீரினுள் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேற்பரப்புக்கு வந்து வெடிக்கின்றன. அவ்வெடிப்பில் சிதறும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, நீர் ஆவியாகியபின் உப்புத் துகள்களாகப் படிகின்றன. பெரிய துளிகள் கரையை அண்மித்த சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிட, நுண்ணியவை உள்ளே நெடுந்தூரம் செல்கின்றன. இவ்வுப்பின் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டு. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மக்னீசியம் குளோரைட்டு. காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் உள்ளது என்பதைக் குறிக்கும் சாரீரப்பதன் 75 வீதத்தை எட்டும்போதே தூய சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். மக்னீசியம் குளோரைட்டோ 33 வீத அளவிலேயே ஈரமாகிவிடும். ஆகவே கடலுப்பு படிந்த மூட்டு மழை பெய்யாத நாளிலும், நண்பகல் வெயிலிலும்கூட, முற்றாக உலர்வதில்லை. உலோக அரிப்புக்குத் தேவையான ஈரத்தை உப்பே தேடித் தந்துவிடுகிறது.

குளோரைட்டு அயன்கள் உலோகத்தின் மேலுள்ள பாதுகாப்பு ஒட்சைட்டுப் படையை ஊடுருவக்கூடியவை. செம்புக் கம்பியில் அவை பச்சை நிறக் களிம்பாகவும், இரும்புச் சட்டத்தில் செதிள் செதிளான துருவாகவும் வெளிப்படுகின்றன. பித்தளை முனை இரும்பு உடலுடன் போல்ட்டினால் இறுக்கப்பட்ட இடத்தில், வெவ்வேறு உலோகங்கள் இரண்டும் அவற்றுக்கிடையே உப்புநீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகவே இயங்குவதால், இரும்பு தனியாக இருந்தபோது துருப்பிடித்ததைவிட விரைவாகத் துருப்பிடிக்கிறது. உலகெங்கும் உலோகப் பூச்சுகளைச் சோதிப்பதற்கு 35 பாகை செல்சியசில் 5 வீத உப்புக் கரைசலைத் தெளிக்கும் ஏஎஸ்ரிஎம் பி117 என்னும் சோதனை முறை 1939 முதல் வழக்கிலிருக்கிறது. கரையோர வாகனமொன்றின் முன்புறம் அதையொத்த சோதனைக்கு ஆண்டு முழுதும் உட்பட்டிருக்கிறது எனலாம். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரில் நனையும் லொறிகளுக்கும், கரைவலை இழுக்கும் இடத்துக்கு இறங்கும் உழவு இயந்திரங்களுக்கும் நிலைமை இன்னும் கடுமையானது.

போகும் பாதையும் திரும்பும் பாதையும்

முகப்பு விளக்கின் மின்சுற்று பற்றரியின் நேர்முனையில் தொடங்கி, பியூஸ், ரிலே, ஆளி, வயர், இணைப்பி ஆகியவற்றைக் கடந்து பல்பின் இழையை அடைகிறது. அங்கிருந்து ஒரு குறுகிய வயர் வழியாக வாகனத்தின் இரும்பு உடலுக்குள் சென்று, அவ்வுடல் வழியே பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. செம்பை மிச்சப்படுத்துவதற்காக உடலையே திரும்பும் கம்பியாகப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டில், வயர் உடலுடன் சேரும் இடம் எர்த் எனப்படுகிறது. வாகனத்தின் முன்மூலையில், சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில், ஒரேயொரு போல்ட்டினால் இறுக்கப்பட்ட இந்த எர்த் முனையே முழுச் சுற்றிலும் உப்புக்கு மிக எளிதில் இரையாகும் இடமாகும்.

சுற்றொன்றில் பாயும் மின்னோட்டம் வோல்ற்றளவைத் தடையால் வகுத்து வருவது என்பதை ஜேர்மானிய அறிஞர் ஜோர்ஜ் சீமோன் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எச்4 என்னும் பரவலான ஹலஜன் பல்பு தாழ் ஒளியில் 55 உவாற்றும் உயர் ஒளியில் 60 உவாற்றும் கொண்டது. ஆகவே 12 வோல்ற்றில் அது ஏறத்தாழ 5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும், அதன் இழையின் தடை எரியும்போது இரண்டரை ஓம் அளவில் இருக்கும். இப்போது களிம்பு பிடித்த மூட்டொன்று 0.2 ஓம் தடையை மட்டுமே சேர்ப்பதாகக் கொண்டால், ஐந்து அம்பியர் அதன் வழியே பாயும்போது அங்கேயே ஒரு வோல்ற்று இழக்கப்படுகிறது. கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் ஒளியிழையின் ஒளி வோல்ற்றளவின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுவதால், 13 வோல்ற்றில் ஒரு வோல்ற்று குறைந்தால் ஒளியில் நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடுகிறது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், முன்பு 60 மீற்றரில் விழுந்த அதே அளவு வெளிச்சம் இனி 52 மீற்றர் அளவிலேயே விழும். இழந்த அந்த ஐந்து உவாற்று வலுவும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. மூட்டிலேயே வெப்பமாகி, அதை மேலும் ஒட்சியேற்றி, தடையை இன்னும் கூட்டி, இறுதியில் இணைப்பியின் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி உருக்குகிறது. பல்பைக் கழற்றும்போது காணப்படும் உருகிய இணைப்பி அநேகமாக இத்தொடரின் இறுதிக் கட்டமே.

எர்த் முற்றாக அறுந்துபோனால் நிகழ்வது இதைவிட வியப்பானது. எச்4 பல்பில் மூன்று கால்கள் உள்ளன: தாழ் ஒளிக்கு ஒன்று, உயர் ஒளிக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான எர்த்துக்கு ஒன்று. பொதுக்கால் துண்டிக்கப்பட்ட நிலையில் தாழ் ஒளியைப் போட்டால், அதன் இழை வழியே வந்த மின்னோட்டம் உடலுக்குள் இறங்க வழியின்றி, அதே பல்பின் உயர் ஒளி இழைக்குள் புகுந்து, உயர் ஒளி வயர் வழியே பின்னோக்கிச் சென்று, மறுபக்க விளக்கின் உயர் ஒளி இழையையும் கருவிப் பலகையில் உயர் ஒளியைக் குறிக்கும் நீல விளக்கையும் கடந்து எர்த்தைத் தேடுகிறது. அதனால் ஒரு விளக்கு செம்மஞ்சளாக மினுங்க, தாழ் ஒளி போட்டிருக்கும்போதே நீல விளக்கும் மங்கலாகத் தெரியும். இந்த விசித்திரக் காட்சியைக் கண்டவர் பல்பு வாங்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. எர்த் போல்ட்டைத் தேடினால் போதும்.

பன்னிரண்டு வோல்ற்று காட்டியும் எரியாத விளக்கு

பழுது தேடுவோரை மிகுதியாக ஏமாற்றுவது பின்வரும் நிலை: பல்பைக் கழற்றிவிட்டு இணைப்பியில் பல்மானியை (மல்ரிமீற்றரை) வைத்தால் 12 வோல்ற்று முழுமையாகக் காட்டுகிறது, பல்பை மாட்டினால் எரிவதில்லை. மின் வருகிறது என்று முடிவுசெய்து பல்பின்மேல் பழி போடுவது இயல்பு, அம்முடிவு பிழையானது. இலக்கப் பல்மானியின் உள்தடை பொதுவாக 10 மில்லியன் ஓம் அளவானது. ஆகவே அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. களிம்பினால் வயர் ஏறத்தாழ அற்றுப்போய் 1000 ஓம் தடை உருவாகியிருந்தாலும், பல்மானிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அளவீட்டில் ஆயிரத்தில் ஒரு வோல்ற்று அளவுதான் குறையும். ஆனால் இரண்டரை ஓம் இழை கொண்ட பல்பு அதே வயரில் மாட்டப்பட்டால் நூறில் ஓர் அம்பியர் அளவே பாயும், இழை சற்றும் சிவக்காது. கட்டுக்கரைக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றில் வண்டல் அடைத்திருந்தாலும், கடைசி மதகு மூடியிருக்கும் வரை கசிந்து வந்த நீர் அங்கே நிறைந்து மட்டம் சரியாகவே தோன்றும். மதகைத் திறந்து வயலுக்கு விடும்போதுதான் வாய்க்காலின் அடைப்பு வெளிப்படும். அவ்வாறே, மின்னோட்டம் பாயும்போது மட்டுமே மின்பாதையின் குறை தெரியவரும்.

ஆகவே சரியான முறை, பல்பை மாட்டி விளக்கைப் போட்ட நிலையிலேயே அளப்பதாகும். பல்மானியின் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையில் நேரடியாக வைத்து, சிவப்பு முனையை இணைப்பியின் பின்புறமாகப் பல்பின் எர்த் காலில் தொட்டால், அது காட்டும் அளவே திரும்பும் பாதையில் இழக்கப்படும் வோல்ற்றளவு. நல்ல எர்த் 0.1 அல்லது 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டாது. ஒரு வோல்ற்று காட்டினால் அம்மூட்டு கெட்டிருக்கிறது. விளக்கு எரியாமல் 12 வோல்ற்று காட்டினால் திரும்பும் பாதை முற்றாக அறுந்துவிட்டது. அதேபோல் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதைப் பல்பின் மின் வரும் காலிலும் வைத்தால் போகும் பாதையின் இழப்பு தெரியும். இழப்பு அதிகமெனில், முனையைப் பற்றரிப் பக்கமாக ஒவ்வொரு மூட்டாக நகர்த்திச் செல்ல, எந்த மூட்டைக் கடந்ததும் அளவு சட்டெனக் குறைகிறதோ அந்த மூட்டே குற்றவாளி. மின்னோட்டம் பாயும்போது இவ்வாறு அளப்பது வோல்ற்றளவு வீழ்ச்சிச் சோதனை எனப்படுகிறது. கரையோர வாகனத்துக்கு இதைவிடப் பயன்தரும் சோதனை வேறில்லை.

தேடலின் ஒழுங்கு

அளவீட்டுக்கு முன்னரே, விளக்குகள் எரியும் விதத்தைக் கவனித்துத் தேடும் இடத்தைப் பெரிதும் சுருக்கிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் ஆளியும் பிரதான ரிலேயும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. தேட வேண்டியவை அப்பக்கத்துப் பல்பு, பியூஸ், இணைப்பி, எர்த் ஆகியவையே. இரு பக்கமும் தாழ் ஒளியில் மட்டும் எரியாமல் உயர் ஒளியில் எரிந்தால் ஆளியின் ஒரு தொடுகையோ தாழ் ஒளிக்குரிய ரிலேயோ சந்தேகத்துக்குரியது. ஆனால் தாழ் ஒளி இழைகளே அதிக நேரம் எரிபவை என்பதால், ஒரு பல்பு போனது கவனிக்கப்படாமல் இருந்து, மற்றதும் போனபின்னரே தெரியவந்திருக்கவும் கூடும். இரு பக்கமும் எந்த ஒளியிலும் எரியாவிட்டால் பொதுவான பகுதிகளைப் பார்க்க வேண்டும். விளக்கு சில வேளை எரிந்து சில வேளை அணைந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வயர்க்கட்டை மெல்ல அசைத்துப் பார்ப்பதால் தளர்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பியூஸ் என்பது குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் உருகிச் சுற்றை அறுக்கும் மெல்லிய உலோகத் துண்டு. தற்போதைய தட்டைப் பியூஸ்களில் சிவப்பு 10 அம்பியரையும் நீலம் 15 அம்பியரையும் மஞ்சள் 20 அம்பியரையும் குறிக்கின்றன. உருகிய பியூசை அதே அளவினால் ஒரு முறை மாற்றலாம். அதுவும் உருகினால் வயர் எங்கோ உடலில் உரசிக் குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கிறது. அந்நிலையில் பெரிய பியூசையோ செம்பு நாரையோ வைப்பது, பியூஸ் உருக வேண்டிய இடத்தில் வயரையே எரிய விடுவதாகும். ரிலே என்பது ஆளியிலிருந்து வரும் சிறிய மின்னோட்டத்தால் காந்தமேறி, விளக்குக்குரிய பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும் மின்காந்த ஆளி. விளக்கைப் போடும்போது அதிலிருந்து ‘டிக்’ என்ற ஒலி கேட்டால் அதன் காந்தச் சுருள் வேலை செய்கிறது, எனினும் உள்ளேயுள்ள தொடுகை கருகியிருக்கலாம். ஹோர்னுக்கோ வேறு பகுதிக்கோ உரிய அதே இலக்க ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவற்ற சோதனை.

இலங்கையில் மிகுதியாக ஓடும் பழைய ஜப்பானிய வாகனங்கள் சிலவற்றில் ஆளி எர்த் பக்கத்தில் அமைந்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் பல்புக்கு மின் ஏற்கெனவே வந்து நிற்க, ஆளி திரும்பும் பாதையையே திறந்து மூடுகிறது. ஹைபிரிட் வாகனங்களிலும் முகப்பு விளக்கு 12 வோல்ற்றுப் பற்றரியிலேயே இயங்குகிறது. செம்மஞ்சள் உறையிட்ட தடித்த வயர்கள் உயிருக்கு ஆபத்தான உயர் வோல்ற்றளவைச் சுமப்பவை ஆதலால் அவற்றைத் தொடவே கூடாது.

பல்பின் கண்ணாடி தரும் சான்று

பல்பே போயிருந்தாலும் அது ஏன் போனது என்பதை அதன் கண்ணாடி காட்டும். உட்புறம் கறுத்திருந்தால் தங்குதன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. அது ஆயுள் முடிவையோ, மின்னேற்றும் வோல்ற்றளவு மிகைப்பட்டதையோ குறிக்கும். வோல்ற்றளவு 5 வீதம் கூடினாலே ஹலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், அடிக்கடி பல்பு போகும் வாகனத்தில் எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14.5 வோல்ற்றுக்கு மேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். உட்புறம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ படலம் இருந்தால் கண்ணாடி வெடித்துக் காற்றுப் புகுந்து தங்குதன் ஒட்சைட்டு உருவாகியிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் முறிந்திருந்தால் அதிர்வு காரணமாக இருக்கலாம்.

உப்புக்கு இங்கும் ஒரு பங்கு உண்டு. ஹலஜன் பல்பின் உறை குவார்ட்ஸ் எனப்படும் உருகிய சிலிக்காவால் ஆனது. விரல் பட்ட இடத்தில் ஒட்டும் வியர்வையிலோ கடற்காற்றிலோ உள்ள சோடியம், பல்பு நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தை அடையும்போது அவ்விடத்துச் சிலிக்காவைப் பளிங்காக மாறத் தூண்டுகிறது. அங்கே வெண்புள்ளி தோன்றி, உறை வலுவிழந்து, ஈற்றில் பிளக்கிறது. பல்பை அதன் அடிப்பகுதியில் மட்டும் பிடிக்க வேண்டும், கண்ணாடியில் கை பட்டுவிட்டால் மதுசாரம் தோய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும் என்னும் அறிவுறுத்தல் இதனாலேயே சொல்லப்படுகிறது. பிடிக்கும் கையில் உப்பு இருப்பது இயல்பாகிவிட்ட ஊரில் இந்த அறிவுறுத்தலுக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

நிலைக்கும் திருத்தம்

கெட்ட எர்த்தைத் திருத்துவதற்குப் போல்ட்டை மேலும் இறுக்குவது போதாது. அதைக் கழற்றி, முனையையும் அது அமரும் உடற்பகுதியையும் உலோகம் பளபளக்கும் வரை அரத்தாளால் தேய்த்து, பல்லுள்ள வொஷர் இட்டு இறுக்கி, அதன் பின்னரே மேலே கிறீஸ் அல்லது வர்ணம் பூச வேண்டும். வர்ணத்தை முதலில் பூசினால் மின் செல்ல வழியிராது. வயரை வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், உப்புநீர் இழைகளுக்கிடையே நுண்துளைக் கவர்ச்சியால் ஏறி உறைக்குள்ளே நெடுந்தூரம் சென்றிருக்கக்கூடும். ஆகவே மினுங்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிய துண்டைச் சேர்க்க வேண்டும். வயர்களை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றுவது கரையோரத்தில் சில மாதங்களே நிலைக்கும், ஏனெனில் ரேப்பின் அடியில் ஈரம் தங்கி அரிப்பை வளர்க்கிறது. முனையைக் கருவியால் நசுக்கிப் பிடிக்கவைத்து, உள்ளே பசை பூசப்பட்ட வெப்பச் சுருங்கு குழாயால் மூடி, இணைப்பிக்குள் சிலிக்கோன் கிறீஸ் இடுவதே நிலைக்கும் திருத்தம். படகுகளுக்கென வெள்ளீயம் பூசி விற்கப்படும் செம்பு வயர் இவ்விடத்துக்கு மிகப் பொருத்தமானது.

வாகனத்தைக் கழுவும் நீரும் முக்கியமானது. கரைக்கு இறங்கிவந்த வாகனத்தின் முன்புறத்தையும் அடிப்புறத்தையும் நன்னீரால் மெதுவாக அலசிவிடுவது உப்பை அகற்றும். உவர்ப்பான கிணற்று நீரால் கழுவுவது அகற்றிய அளவு உப்பை மீண்டும் பூசிவிடும், அழுத்தமாகப் பீய்ச்சும் நீரோ இணைப்பிகளுக்குள்ளேயே புகும். பழைய விளக்குக்குள் எல்ஈடி பல்பு போடுவது குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால் கெட்ட மூட்டை மறைத்துவிடும், ஆனால் குணப்படுத்தாது. மேலும் ஹலஜன் இழை இருக்கும் துல்லியமான இடத்துக்கென வடிவமைக்கப்பட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வேறு ஒளிமூலத்தை வைத்தால், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் இருந்த வாகனங்களே முதுமையடைந்தபடி ஓடின, இன்றும் ஓடுகின்றன. அவற்றின் மூட்டுகளில் பல ஆண்டு உப்பு சேர்ந்திருக்கிறது. மலிவான பல்மானி ஒன்றும், அரத்தாள் துண்டொன்றும், விளக்கு எரியும் நிலையில் அளக்க வேண்டும் என்ற ஒரு விதியும் இருந்தால், மன்னாரின் சிறு கராஜ் ஒன்றிலோ வீட்டு முற்றத்திலோ இப்பழுதுகளிற் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட முடியும். ஆண்டுக்கொரு முறை, சோளகம் ஓய்ந்து மாரி மழை தொடங்கும் முன், இரு முகப்பு விளக்குகளின் எர்த் வீழ்ச்சியை அளந்து 0.2 வோல்ற்றுக்குள் இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்வதைக் கரையோர வாகன உரிமையாளர் ஒவ்வொருவரும் எண்ணெய் மாற்றுவதைப் போன்ற வழமையாக்கிக்கொள்ள வேண்டும்.